சரிங்க... என்ன சரிங்க?

கோயமுத்தூரில் 'டெஸ்பாட்ச்' என்ற வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். மில்! நூல் மூட்டையை லாரியில் ஏற்றி, இச்சல்கரஞ்சிக்கோ பிவண்டிக்கோ அனுப்பிவிட்டு, இன்வாய்ஸ், எல்.ஆர். சகலத்தையும் பார்ட்டிக்குச் சேர்ப்பிக்கிற இடம் டெஸ்பாட்ச் செக்ஷன். என் அப்பா அதில்தான் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டினார்.

அதனால், என் சித்தி மகன் - எனக்குத் தம்பி முறை - விமானக் கம்பெனி ஒன்றில் 'ஃப்ளைட் டிஸ்பாட்சர்' ஆகிவிட்டான் என்று சேதி வந்தபோது எங்கள் ஒரம்பரை வட்டாரத்தில் கொஞ்சம் குழப்பம். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பெரியம்மா அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் கண்ணு, பிளேன் ஓட்டறியா?"

"இல்லீங் பெரியம்மா. அனுப்பி வெக்கறனுங்."

"அப்ப பார்சல் ஆபீஸுன்னு சொல்லு சாமி!"

தம்பி பாவம், ரசத்துக்கு மாறிவிட்டான்.

அப்புறம் சாவகாசமாக என்னிடம் விளக்கினான். விமானம் கிளம்புவதற்கு முன்னால் எந்த வழியாகப் போக வேண்டும், வழியில் மேகம் எங்கே, காற்று எந்தப் பக்கம், எந்த ஓடுபாதை மூடியிருக்கிறது, எத்தனை கிலோ எரிபொருள், கோவையில் இறங்க முடியாவிட்டால் கொச்சியா பெங்களூரா... இத்தனையையும் கணக்குப் போட்டுப் பைலட் கையில் கொடுக்கிற ஆள்தான் டிஸ்பாட்சர். தனிப் படிப்பு, பரீட்சை, அங்கீகாரம் எல்லாம் உண்டு. அமெரிக்காவில் சட்டப்படியே பைலட்டுக்குப் பாதிப் பொறுப்பு என்றால் இவருக்கும் பாதி. பைலட்டை டி.வி.யில் காட்டுவார்கள். இவரை யாரும் காட்ட மாட்டார்கள். ஏதாவது தப்பு நடந்தால் மட்டும் தேடுவார்கள்!

"மொத்தத்துல என்னடா உன் வேலை?" என்றேன்.

"சேதி சொல்றதுண்ணா. சொன்ன சேதி போய்ச் சேர்ந்துதான்னு பார்க்கறது."

அடடே, என் அப்பாவும் இதைத்தானே செய்தார்! டெலிவரி புக் என்று ஒரு நீள நோட்டு வைத்திருப்பார். மில்லுக்குள்ளேயே ஒரு செக்ஷனிலிருந்து அடுத்த செக்ஷனுக்கு ஒரு துண்டுச்சீட்டு போனால்கூட, வாங்கியவர் கையெழுத்து அதில் இருக்க வேண்டும். ட்ரங்க் கால் காலத்தில், "நாப்பதாம் நம்பர் நூல் பத்து மூட்டை" என்று பார்ட்டி கத்தினால், இவரும் திருப்பிக் கத்துவார். "நாப்பதுங்களா? நாலு, சைபருங்களா? பத்து மூட்டைங்களா?" மானேஜருக்கு எரிச்சல் வரும். டிரங்க் கால் பில் ஏறுகிறதே! அப்பா அசையமாட்டார். "அனுப்பிச்சாச்சுன்னு சொல்றவன் பாதி வேலைதானுங் பண்ணியிருக்கான்" என்பார்.

அந்தப் பாதி வேலை ஆகாயத்தில் நடந்தால் என்ன ஆகும்? தம்பி கிளப்பிவிட்ட ஆவலில் கொஞ்சம் துருவிப் பார்த்தேன். பி.காம். படித்தவனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று முகம் சுளிக்காதீர்கள். இரண்டு பக்கமும் டாலி ஆகாவிட்டால் எங்கோ உதைக்கிறது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். விமானத்துக்கும் அதுவே போதுமானதாக இருக்கிறது!

முதலில் நம் ஊர்க் கதை. 2025 நவம்பர் 6-ம் தேதி டெல்லி விமான நிலையத்தில் ஒரு சாஃப்ட்வேர் படுத்துக்கொண்டது. விமானம் இல்லை, ராடார் இல்லை, வெறும் தபால்காரர்தான். விமானக் கம்பெனிகள் அனுப்புகிற பயணத் திட்டங்களை வாங்கி, கன்ட்ரோலர்களின் திரைக்குத் தானாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏற்பாடு அது. தபால்காரர் லீவு போட்டதும், கன்ட்ரோலர்கள் ஒவ்வொரு விமானத்தின் திட்டத்தையும் கையால் தயார் செய்ய வேண்டியதாயிற்று. பைலட் ரெடி, பயணி ரெடி, எஞ்சின் ரெடி. சேதி மட்டும் வரவில்லை. மறுநாள் இரவு சரியாவதற்குள் 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதம்! பயணிகள் தரையில் துண்டை விரிக்காத குறை.

இதில் ஒரு நல்லது உண்டு. சேதி வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் சேதி இல்லாமல் யாரும் பறக்கவில்லை, யாருக்கும் ஆபத்தும் இல்லை. சேதி வந்தும் குழப்பினால்தான் வினை.

நம் கோவையில் திருச்சி ரோட்டில் ராமநாதபுரம் இருக்கிறது. சேதுபதிகள் ஆண்ட ராமநாதபுரமும் இருக்கிறது. வெளியூர் ஆளிடம், "ராமநாதபுரம் வந்துட்டுப் போன் பண்ணுங்க, பத்து நிமிஷத்துல வந்து கூட்டிக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள்... அவர் பாம்பன் பாலத்துப் பக்கம் நின்றுகொண்டு போன் பண்ணினால் யாரை நோவது?

2023 ஆகஸ்ட் 28-ம் தேதி பிரிட்டனில் நடந்தது இதேதான். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பாரீஸ் போகிற ஒரு விமானத்தின் திட்டம் அங்கே கம்ப்யூட்டருக்கு வந்தது. ஆகாயத்தில் ஊர்ப்பெயருக்குப் பதில் சுருக்கக் குறியீடுகள். அந்தத் திட்டத்தில் 'டி.வி.எல்.' என்று ஒரே குறியீடு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று பிரான்ஸில் டோவில். இன்னொன்று அமெரிக்காவில் டெவில்ஸ் லேக். நடுவில் ஒரு சமுத்திரமே கிடக்கிறது! திட்டத்தில் தப்பே இல்லை. கம்ப்யூட்டர்தான், 'இதென்னடா, போன ஊருக்கே மறுபடி போகிறானே' என்று மிரண்டு, தப்பான தகவலைக் கொடுத்துவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியில் படுத்துவிட்டது. உடனே மாற்று கம்ப்யூட்டர் எழுந்தது. அதற்கும் அதே புரோக்ராம், அதே மிரட்சி, அதே படுக்கை. அண்ணனுக்குப் புரியாத கணக்கைத் தம்பியிடம் கேட்கலாம்தான். இரண்டு பேருக்கும் ஒரே வாத்தியார் என்றால்? அன்றைய கூத்தில் 7 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் தவித்துப் போனார்கள்.

இன்னொன்று கேளுங்கள். 2020 ஜூலை 21-ம் தேதி, பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினில் இருக்கிற பால்மாவுக்கு ஒரு விமானம். பயணிகள் எத்தனை பேர், மொத்த எடை எவ்வளவு என்று கணக்குப் போட்டு 'லோட் ஷீட்' கொடுப்பார்கள். அதை வைத்துத்தான் பைலட், எஞ்சினுக்கு எவ்வளவு சக்தி கொடுப்பது என்று முடிவு செய்வார். அந்த சாஃப்ட்வேரை எழுதிய நாட்டில் 'மிஸ்' என்றால் சின்னப் பெண். 'மிஸஸ்', 'மிஸ்' என்றால் பெரியவர்கள் என்றெல்லாம் பார்க்காமல், 'மிஸ்' போட்டவர்களையெல்லாம் பாப்பா கணக்கில் சேர்த்துவிட்டது. 69 கிலோ போட வேண்டிய இடத்தில் 35 கிலோ! மொத்தத்தில் விமானம், காகிதத்தில் இருந்ததைவிட 1,244 கிலோ கூடுதல் கனத்தோடு கிளம்பிவிட்டது. நல்லவேளை, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

சிரிக்காதீர்கள். அந்த சாஃப்ட்வேரை எங்கள் கொங்கு நாட்டில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இங்கே கல்யாணமாகிக் காலேஜ் போகிற வயதில் பிள்ளை இருக்கிற பெண்ணையும் பிறந்த வீட்டில் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறோம். எண்பது வயது அப்பத்தா, அறுபது வயது மகனை, "ஏன் கண்ணு சாப்பிட்டியா" என்கிறார். பிளேன் மொத்தமும் குழந்தைகள் என்று லோட் ஷீட் வந்திருக்கும்!

இதுவரை சிரிக்கலாம். இதற்கு மேல் முடியாது.

நியூஸிலாந்து விமானம் ஒன்று, 1979 நவம்பர் 28-ம் தேதி, அண்டார்டிகாவைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்புகிற டூரிஸ்ட் பயணமாகக் கிளம்பியது. பைலட்டுகளுக்கு 19 நாளைக்கு முன்னாலேயே வழி சொல்லப்பட்டிருந்தது. மலை இல்லாத, அகலமான கடற்பகுதி மேல் போகிற வழி. கேப்டன் அதை மேப்பில் குறித்துத் தயாராகவே இருந்தார். இதற்கிடையில், கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டரில் இருந்த ஓர் எண் சரியில்லை என்று கண்டுபிடித்தார்கள். கிளம்புகிற அன்று அதிகாலையில் அதை மாற்றினார்கள். ஆபீஸைப் பொறுத்தவரை ஒரு சின்னத் திருத்தம். வழியோ சுமார் 43 கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்துவிட்டது. அந்தப் புது வழியில் எரிபஸ் என்ற எரிமலை, 3,700 மீட்டருக்கு மேல் உயரமாக நின்றுகொண்டிருந்தது.

பைலட்டுகளிடம் யாரும் சொல்லவில்லை.

வெள்ளைப் பனிக்கும் வெள்ளை மேகத்துக்கும் வித்தியாசம் தெரியாத வெளிச்சம். கண்ணுக்கு நேரே மலை இருந்தும் தெரியவில்லை. 257 பேர். ஒருவர் பிழைக்கவில்லை.

முதலில் வந்த அறிக்கை பைலட்டைத்தான் கைகாட்டியது. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லப் போகிறாரா? 1981-ல் நீதிபதி பீட்டர் மேஹனின் விசாரணை கமிஷன்தான், வழியை மாற்றிவிட்டு ஓட்டுகிறவர்களிடம் சொல்லாமல் விட்டதே முதன்மைக் காரணம் என்று சொன்னது. நியூஸிலாந்து அரசாங்கம் அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது 2019-ல். நாற்பது வருஷம்!

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தப்பான எண்ணை அப்படியே விட்டிருந்தால்கூட அன்றைக்கு விமானம் தப்பித்திருக்கும். சரியான திருத்தம், சொல்லாமல் செய்ததால் கொன்றுவிட்டது.

சொன்னாலும் போதாது என்பதற்கு அடுத்த கதை. இங்கேதான் நம் 'சரிங்க' வருகிறது.

கொங்கு நாட்டு மரியாதைக்கு உலகத்தில் ஈடு கிடையாது. எதைச் சொன்னாலும் 'சரிங்க'. புரிந்தாலும் 'சரிங்க', புரியாவிட்டாலும் 'சரிங்க', 'உன்னால் ஆனதைப் பார்த்துக்கோ' என்பதற்கும் 'சரிங்க'. எதிராளி மனசு நோகக் கூடாது, அவ்வளவுதான். ஒரு விதத்தில் பெருமைதான். ஆனால், 1990 ஜனவரி 25-ம் தேதி ராத்திரி நியூயார்க் மேலே நடந்ததைக் கேளுங்கள்.

கொலம்பியா நாட்டிலிருந்து வந்த ஏவியாங்கா விமானம். கீழே மோசமான வானிலை. மொத்தம் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் ஆகாயத்திலேயே வட்டமடிக்க வைத்துவிட்டார்கள். எரிபொருள் கரைகிறது. வானிலை எப்படி, வேறு எங்கே இறங்கலாம் என்று வழியில் கம்பெனியின் டிஸ்பாட்ச் சேவையிடம் அவர்கள் கேட்டுக்கொள்ளவும் இல்லை. ஒரு தடவை இறங்கப் பார்த்து முடியாமல் மேலேறினார்கள். "எமர்ஜென்ஸி என்று சொல்" என்றார் கேப்டன், ஸ்பானிஷ் மொழியில். துணை பைலட் கன்ட்ரோலரிடம் ஆங்கிலத்தில், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். 'எமர்ஜென்ஸி' என்ற வார்த்தை வரவில்லை. "சொல்லிவிட்டாயா?" என்று கேப்டன் கேட்டார். சொல்லிவிட்டதாகப் பதில்.

கன்ட்ரோலர் இன்னும் ஒரு சுற்றுக்கு அனுப்பினார். அனுப்பும்போது, உங்கள் எரிபொருளுக்கு இது பரவாயில்லையா என்று கேட்கவும் கேட்டார். பரவாயில்லை என்று நினைப்பதாகச் சொல்லி, நன்றியும் சொன்னார் துணை பைலட்.

பாருங்கள், சாகப்போகிற நேரத்திலும் நன்றி! எங்கள் ஊர்க்காரர் மாதிரியே இல்லை?

கொஞ்ச நேரத்தில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. லாங் ஐலண்டில் குன்றுச் சரிவில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் போய்விட்டார்கள். டாங்கில் எரிபொருள் இல்லாததால் தீகூடப் பிடிக்கவில்லை.

நம் நாட்டிலேயே 1996 நவம்பர் 12-ம் தேதி, ஹரியானாவில் சர்க்கி தாத்ரி மேலே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதிக்கொண்டன. 349 பேர். ஆகாயத்தில் இரண்டு விமானம் மோதியதில் உலகத்திலேயே பெரிய சாவு அதுதான். ஒன்றுக்கு 14,000 அடி, மற்றதற்கு 15,000 அடி என்று டெல்லி சரியாகத்தான் சொல்லியிருந்தது. கஜகஸ்தான் விமானம் தன் உயரத்தை விட்டுக் கீழே இறங்கிவிட்டது என்று நீதிபதி லஹோட்டி கமிஷன் முடிவு சொன்னது. அந்த விமானத்தில் கன்ட்ரோலரோடு பேசுவதற்குத் தனியாக ஒரு ரேடியோ ஆபரேட்டர். ஓட்டுகிறவருக்கு ஆங்கிலம் போதவில்லை. சேதி விமானத்துக்குள் வந்துவிட்டது. ஸ்டியரிங் பிடித்திருந்த கைக்குத்தான் போய்ச் சேரவில்லை. இடைவெளி ஒரு கை தூரம்!

விமானத்துறை இதற்கெல்லாம் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறது. 'ரீட்பேக்'. கன்ட்ரோலர் ஓர் உத்தரவு சொன்னால் பைலட் வெறும் 'ஓகே' என்று முடித்துவிடக் கூடாது. எண்ணோடு சேர்த்து அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்வதைக் கன்ட்ரோலர் காது கொடுத்துக் கேட்டு, தப்பிருந்தால் திருத்த வேண்டும். சினிமாவில் வருகிற 'ரோஜர்' இருக்கிறதே, அதற்கு 'நீ சொன்னது காதில் விழுந்தது' என்று மட்டும்தான் அர்த்தம். செய்கிறேன் என்று அர்த்தமில்லை. 'செய்கிறேன்' என்பதற்கு 'வில்கோ' என்று தனி வார்த்தை. நம் 'சரிங்க'வை இப்படி இரண்டாகப் பிரிக்க நம்மால் முடியுமா?

எங்கள் பாஷையில் சொன்னால், இதுதான் பாங்க் ரீகன்சிலியேஷன். நான் செக் போட்டேன் என்று என் நோட்டில் எழுதிக்கொண்டால் ஆயிற்றா? பாங்க் நோட்டிலும் அது ஏறியிருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க வேண்டாமா? இரண்டு நோட்டும் ஒத்துப் போகிறவரை அது என் கற்பனைப் பணம்தான்.

போன வருஷம் இது எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. அப்பாவுக்கு நெஞ்சில் ஒரு பிரச்னை. ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறு நாள் இருந்தார். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. டிஸ்சார்ஜ் அன்று காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "இனிமே பாதி மாத்திரை போதும்" என்றார். அப்பாவுக்கு இப்போது காது மந்தம். கைகூப்பி, "சரிங் டாக்டர்" என்றார். ட்ரங்க் காலில் நாலு தடவை திருப்பிக் கேட்ட அதே அப்பா! டாக்டர் முன்னால் மரியாதை வந்து வாயை அடைத்துவிட்டது.

மத்தியானம் கைக்கு வந்த டிஸ்சார்ஜ் காகிதத்தில் 'ஒரு மாத்திரை' என்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே டைப் அடித்து வைத்தது. காலை நர்ஸ் மாறி மத்தியான நர்ஸ் வந்திருந்தார். அவர் காகிதத்தில் இருந்ததை அழகாகப் படித்துக் காட்டினார். டாக்டர் மாற்றினார், மாற்றியது காகிதத்துக்கு வரவில்லை. எரிபஸ்!

ஆப்பிள் பையோடு பார்க்க வந்திருந்த தம்பி, காலையிலிருந்து அங்கேதான் இருந்தான். தொழில் புத்தி. "சிஸ்டர், ஒரு நிமிஷங். டாக்டர் காலைல பாதின்னாருங். நீங்க ஒண்ணுங்கறீங்க. போன்ல கேட்டு, அவர் சொல்றத எங்களுக்குத் திருப்பிச் சொல்லிடுங்களேன்" என்றான்.

நர்ஸுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. ஆனாலும் போன் போட்டார். பாதிதான். அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கார் ஏறுகிறபோது அப்பா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. "நீ நெசமாலுமே டெஸ்பாட்ச்தான் சாமி" என்றார். அவர் வாயால் அதைவிடப் பெரிய பட்டம் வராது.

திருப்பிக் கேட்டால் எதிராளி நோகத்தான் செய்வார். 'என்ன, நான் சொன்னது புரியலையா' என்பார். 'இவனுக்கு எதையும் ரெண்டு தடவை சொல்லணும்' என்று பெயர்கூட வரும். வரட்டுமே. நியூயார்க் மேலே நன்றி சொன்ன மனிதர் யாரையும் நோகடிக்கவில்லை.

இதையெல்லாம் வீட்டில் ஒரு வாரம் நான் பேசித் தீர்த்ததில் ஒரு பின்விளைவு. இப்போது என் மனைவி கடைக்கு அனுப்பும்போது, நான் செருப்பு மாட்டியதும், "எங்கே, திருப்பிச் சொல்லுங்க பார்க்கலாம்" என்கிறாள்.

"முருங்கைக்கீரை ஒரு கட்டு. முருங்கைக்காய் இல்லை. தேங்காய் ரெண்டு. பெருசு."

"ம்... கிளம்பலாம்."

டேக்-ஆஃப் அனுமதி கிடைத்துவிட்டது. வரட்டுங்களா?